ரோஜாத் தொட்டியில் ஒரு மீன்

நான் கப்பலில் பிட்டர். என்ஜின் அறையில் குழாயோ வால்வோ பம்போ எது மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஏறினால் இறங்க மாதக்கணக்காகும். இப்படிப் பிழைப்பு நடத்துகிறவனுக்கு மீன் வளர்க்கிற ஆசை வரக் கூடாது. எனக்கு வந்து தொலைத்தது. விடுமுறையில் கரைக்கு வந்தால் பாதி நாள் மீன் கடையில்தான் கிடப்பேன். கடைக்காரர் எனக்கு ஸ்டூல் போடுவதை நிறுத்திவிட்டார். நானே எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

அந்தத் தடவை அவர் ஒரு ஜோடி மீனைக் கொடுத்தார். கில்லி என்று ஒரு ஜாதி. ஆண் மீன் விரல் நீளம்கூட இல்லை. கருநீல உடம்பு முழுக்க யாரோ ஊசிமுனையால் வெள்ளைச் சாயத்தைத் தொட்டுத் தொட்டு வைத்ததுபோல் முத்துப் புள்ளிகள். வெளிச்சம் படும்போது அதில் பச்சை ஓடும். பெண் மீன் பாவம், சேற்று நிறம். கண்ணாடித் தொட்டியும் வாங்கி, வீட்டில் வைத்து ஆசை தீரப் பார்ப்பதற்குள் கப்பல் கம்பெனியிலிருந்து ஆள் பற்றாக்குறை, உடனே கிளம்பு என்று போன் வந்துவிட்டது.

எனக்கு இருக்கிற ஒரே போக்கிடம் அக்கா வீடு.

அக்கா கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துவது, கடுகு மாதிரித் திருகாணியை முடுக்குவது எல்லாம் அவள் கை. தெருவில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்றுதான் பெயர். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபிறகு வீட்டில் அவளும் மாமாவும் மட்டும். மாமாவுக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, பயம் வந்தால் வலது காலால் தரையை ஓங்கி மிதிப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. டிவியில் யாராவது கீழே விழப் போனால்கூட மிதிப்பார்.

தொட்டியை டிரைவிங் ஸ்கூல் காரிலேயே ஏற்றிக்கொண்டு, பிள்ளைத்தாச்சியைக் கூட்டிப் போவதுபோல் உருட்டி உருட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

"எனக்கு இதெல்லாம் வேணாம்டா," என்றாள் அக்கா. "ஒரு உசுரை வீட்டுல வெச்சுக்கிறது லேசுப்பட்ட காரியமில்ல. நான் ஒரு செடிகூட வெக்காதவ."

"சாப்பாடு போட்டு, அப்பப்போ தண்ணி மாத்தினா போதும்க்கா."

"செத்துப் போயிட்டா?"

"செத்தா மாப்ள ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு," என்று மாமா இடையில் புகுந்தார். "குழம்பு வெச்சுடலாம்."

தொட்டியின் மூலையில் ஒரு வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணத்தில் வேகவைத்த தேங்காய் நார்த்தூளை நிரப்பி வைத்திருந்தேன். அதை மட்டும் எடுக்காதே, அதுங்களுக்குப் படுக்கை மாதிரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். விமானத்துக்கு நேரமாகிவிட்டது, மற்றதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கப்பல் முதல் துறைமுகத்தில் நின்று, போனில் சிக்னல் கோடு வந்த உடனே அக்காவின் அழைப்பு வந்தது.

"டேய், உன் மீன் ரெண்டும் தற்கொலை பண்ணிக்கப் பாக்குதுடா."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். காலையில் தொட்டி முன்னால் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆண் மீன் துடுப்புகளையெல்லாம் விசிறிபோல் விரித்துக்கொண்டு பெண்ணைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. அப்புறம் அந்தக் கிண்ணத்துக்கு மேலே போய், மூக்கை நார்த்தூளில் வைத்து, உடம்பெல்லாம் நடுங்க நின்றது. பெண் வந்து பக்கத்தில் அதேபோல் மூக்கை வைத்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரு துடி துடித்து, தலைகீழாகத் தூளுக்குள் இறங்கின. வால்வரைக்கும் போய்விட்டன. மேலே ஒன்றுமில்லை. தூள் மட்டும் லேசாகப் புகைந்தது.

"நான் சீப்பைப் போட்டுட்டு எழுந்துட்டேன். உங்க மாமா தரையை மிதிக்கிறாரு. கையை விட்டு எடுக்கலாம்னு போறேன், ரெண்டும் வெளிய வருது! ஒண்ணுமே நடக்காத மாதிரி சுத்துது! திரும்பவும் உள்ள போகுதுடா!"

"அக்கா, அது முட்டை போடுது."

"மண்ணுக்குள்ளயா?"

"மண்ணுக்குள்ளதான்."

அப்போதுதான் முழுக் கதையையும் சொன்னேன். மழைக்குட்டையில் வாழ்கிற மீன் அது. கோடை வந்தால் குட்டை வற்றி, சேறு காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துவிடும். தாய் தகப்பன் எல்லாம் அதோடு சரி. முட்டை மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். அடுத்த மழை வந்து குட்டை நிறைந்தால் பொரித்துக்கொண்டு வெளியே வரும்.

கோடு போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"அப்போ," என்றாள் அக்கா மெதுவாக, "இந்தக் குஞ்சுங்க எதுவுமே அதோட அம்மாவைப் பாத்ததில்லையா?"

"இல்லக்கா."

"அம்மாவும் குஞ்சைப் பாத்ததில்ல."

"இல்ல."

"நான் என்னடா பண்ணணும்?" என்றாள். வேண்டாம் என்றவள் கேட்கிற கேள்வியாக அது இல்லை.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தத் தூளைத் துணியில் வடிகட்டி, பிழிந்தும் பிழியாமலும் அழுத்தி, பேப்பரில் பரப்பி உலர்த்தணும். கையில் எடுத்தால் ஈரம் தெரியணும், ஒட்டக் கூடாது. பிறகு பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, வெயில் படாத இடத்தில் மாதக்கணக்கில் வைக்கணும்.

"தண்ணியில்லாம? மீன் முட்டையை?"

"ஆமாக்கா. ஆனா ஒண்ணு, எனக்கே இதுவரைக்கும் கைகூடல. எத்தனையோ தடவை வெச்சுப் பாத்துட்டேன். எல்லாம் பூஞ்சை புடிச்சு வெள்ளையாப் போயிடுச்சு."

"உனக்கே வராதது எனக்கு வருமா?"

"என் கை ஸ்பேனர் புடிக்கிற கை. உன் கை வேற."

அக்கா செய்தாள். திருகாணி எடுக்கிற குறட்டால் தூளைக் கிளறி, வெள்ளை பூத்த முட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தாள். ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். நல்ல முட்டை கண்ணாடி மணிபோல் இருக்கும், கடுகுக்கும் சின்னது. பையைக் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அவ்வப்போது இறக்கி, முடிச்சை அவிழ்த்துக் காற்று விட்டு, மறுபடி கெட்டதைப் பொறுக்கிவிட்டுக் கட்டி வைப்பாள். "உப்பு போட்டு மூடி வெச்சா ஊறுகாய்," என்பார் மாமா. அவள் காதில் வாங்கமாட்டாள்.

இந்த சமயத்தில்தான் வார்டன் வந்து சேர்ந்தார்.

வார்டன் மாமாவின் அக்கா. பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளவில்லை. விடுதியே அவர் ஒரு செருமலுக்கு அடங்கும் என்பார்கள். வீட்டுக்கூரை ஒழுகி, இடித்துப் பூச ஆள் விட்டிருந்தார். வேலை முடியும்வரை தம்பி வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. வந்த அன்றே சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். பாலிதீன் பைகளைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார். மீன் தொட்டியைப் பார்த்து, "வீட்டுக்குள்ள எதுக்கு இந்தக் குட்டை? கொசு வரவா?" என்றார்.

அக்கா அவருக்கு எதிரில் வாயைத் திறக்கமாட்டாள். அண்ணி என்று கூப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். நடுவில் மாமாவுக்குத்தான் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

மீன்களுக்கு வயசாகிக்கொண்டு வந்தது. ஆண் மீனின் நீலம் முதலில் மங்கியது. முத்துகள் ஒவ்வொன்றாக அணைந்தன. முதுகு வளைந்தது. உணவு பக்கத்தில் வந்து விழுந்தாலும் திரும்பிப் பார்க்காது. ஒரு நாள் காலையில் அடியில் சாய்ந்து கிடந்தது. பெண் மீன் அதற்கப்புறம் கொஞ்ச நாள் தனியாகச் சுற்றியது. வெறும் கிண்ணத்துக்கு மேலே வந்து நின்று, யாருக்கோ காத்திருப்பதுபோல் நின்று, போய்விடும். பிறகு அதுவும் போயிற்று.

நான் அப்போது நடுக்கடலில். அக்கா அழுததாக மாமா பிறகுதான் சொன்னார். வார்டன் ஆறுதல் சொல்வதாக நினைத்து, "மீன்தானேம்மா," என்றாராம். அக்கா தொட்டியைக் காலி செய்து, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். அதன்பிறகு வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

பையை மட்டும் அவள் கைவிடவில்லை. ஆனால் நம்பிக்கையும் பெரிதாக இல்லை. மாதங்களாகப் பார்க்கிறாள்; கண்ணாடி மணி கண்ணாடி மணியாகவே கிடக்கிறது. செத்திருந்தால் வெள்ளையாகும். உயிரோடு இருந்தால் ஏதாவது ஆகணும். ஒன்றுமே ஆகாமல் ஒரு பொருள் எப்படி இருக்கும்? ஒருநாள் மதியம் ஒரு சிட்டிகைத் தூளைக் காகிதத்தில் மடித்துக் கடைக்கு எடுத்துப்போனாள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், பிரேம் விரிசல் பார்க்கிற உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக் குனிந்தாள்.

அதை அவள் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் குரல் தாழ்ந்துவிடும்.

"முட்டை தெளிவா இல்லடா. உள்ள கறுப்பா சுருண்டு கிடந்துச்சு. என்னன்னு விளக்கைக் கிட்ட இழுத்தேன். கண்ணுடா. ரெண்டு கண்ணு. கறுப்புக் கண்ணைச் சுத்தி மெல்லிசா தங்கத்துல ஒரு வளையம். என்னையே பாக்குது. நான் தலையை நகர்த்தினேன். அது உள்ளயே சட்டுனு புரண்டுச்சு."

அவளால் உட்கார முடியவில்லை. காகிதத்தைப் பொத்திக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாளாம். தெருவில் பஸ் போகிறது, ஆட்கள் போகிறார்கள், எதிர்க்கடையில் ஷட்டர் தூக்குகிறார்கள். உள்ளங்கையில் இருக்கிற ஒரு சிட்டிகைத் தூசிக்குள் யாரோ விழித்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கிறார்கள். இத்தனை மாதமாக அலமாரி மேல், போர்வைகளுக்குப் பக்கத்தில், இதுதான் நடந்துகொண்டிருந்ததா என்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

துறைமுகத்தில் என்னைப் பிடித்தாள். தங்க வளையம் என்றாள். என் வாழ்நாளில் நான் பார்க்காதது அது. "தயாராயிடுச்சுக்கா. பையைக் குளிர்ச்சியா ஒரு இடத்துல வெச்சிரு. லீவு நாள்ல அகலமான தட்டுல கொட்டி, ஆறின தண்ணி ஊத்து. வந்ததும் சாப்பாடு வேணும், பொடிக் குஞ்சு இறாலு. மீன் கடையில எப்பவும் வெச்சிருப்பாங்க."

வார விடுமுறை அன்று காலையில் அக்கா பையை அலமாரியிலிருந்து இறக்கி, பால்கனி ஸ்டூலில் நிழலில் வைத்துவிட்டு, மாமாவோடு மீன் கடைக்குப் போனாள்.

வார்டனும் அன்று ஒரு காரியம் வைத்திருந்தார். மீன் செத்ததிலிருந்து தம்பி பெண்டாட்டி முகம் கொடுத்துப் பேசாதது அவருக்கு உள்ளுக்குள் உறுத்தியிருக்கிறது. மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லாதவர். ஒரு ரோஜாச் செடி வாங்கி வந்திருந்தார். செடிக்கடைக்காரர், மேல்மண்ணில் நார்த்தூள் போட்டால் வேர் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்லியனுப்பியிருந்தார். பால்கனிக்கு வந்து பார்த்தால் ஸ்டூலில் ஒரு பை நிறைய நார்த்தூள் தயாராக இருக்கிறது. அக்கா எதையோ பொறுக்கிப் பொறுக்கி அலமாரியில் வைக்கிறாள் என்பது தவிர, அது இந்தத் தூள்தான் என்று அவருக்குத் தெரியாது.

அக்காவும் மாமாவும் திரும்பியபோது கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அதில் ஆரஞ்சுப் புகைபோல் மிதக்கிற இறால் குஞ்சுகள். மாமா வழியெல்லாம் ஹாரன் அடிக்காமல் ஓட்டி வந்திருக்கிறார். பால்கனியில் ஸ்டூல் காலி. பை கொடியில் இருந்தது. கழுவி, உதறி, கிளிப் போட்டு.

"அண்ணி," என்றாள் அக்கா. "இதுல இருந்த தூள்..."

"அதுவா? செடிக்குத்தானே வெச்சிருந்தே? போட்டாச்சு." வார்டன் முகத்தில் அபூர்வமாக ஒரு சிரிப்பு. "மண்ணு மேல பரப்பி, அழுத்தி, தண்ணியும் ஊத்தியாச்சு. உனக்குத்தான் வாங்கினேன். பாரு, எப்படி நிக்குது."

மாமாவின் வலது கால் தரையில் இறங்கியது. கீழ் வீட்டில் கேட்டிருக்கும்.

அக்கா கத்தவில்லை. அழவும் இல்லை. கோப்பையை மாமா கையில் கொடுத்துவிட்டு, ரோஜாத் தொட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். வார்டன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. தொட்டியின் ஓட்டையைக் கல் வைத்து நன்றாக அடைத்திருந்தார். அதனால் ஊற்றின தண்ணீர் இறங்காமல் மேலே இரண்டு விரல் உயரத்துக்குத் தேங்கி நின்றது. தேநீர் நிறத் தண்ணீர். ரோஜாவின் தண்டு நடுவில் நிற்கிறது. ஒரு பழுத்த இலை விழுந்து மிதக்கிறது.

அந்த இலையின் அடியிலிருந்து ஒரு மீன் வெளியே வந்தது.

கண்ணிமை மயிர் அளவு இருக்கும். ஒளி ஊடுருவுகிற உடம்பு, அதன் முன்னால் இரண்டு பெரிய கண். நின்றது. உடம்பைச் சொடுக்கி ரோஜாத் தண்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஒரு முள்ளின் கீழே நின்று, தான் பிறந்த உலகம் இவ்வளவுதானா என்று பார்ப்பதுபோல் நின்றது. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டாள். அதற்குப் பின்னால் இன்னொன்று. ஓரத்தில் இன்னொன்று, இன்னும் முட்டை ஓட்டை வாலில் மாட்டிக்கொண்டு உதறியபடி.

"என்ன நடக்குது இங்க?" என்றார் வார்டன். "யாராவது சொல்லுங்களேன்."

"அக்கா," என்றார் மாமா, தன் அக்காவைப் பார்த்து, "நீ நட்டது ரோஜா இல்ல. மீனு."

வார்டன் தொட்டிக்குள் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். அப்புறம் அவர் முகம் வெளுத்துவிட்டது. "இதுதான் அந்த... நீ பொறுக்கிப் பொறுக்கி வெச்சது இதா? நான் தெரியாம..." என்று ஆரம்பித்தார்.

"பேச நேரமில்ல அண்ணி," என்றாள் அக்கா. அவள் அப்படி அவரிடம் பேசியதே இல்லை. "மண்ணுல உரம் கலந்திருக்கு. அந்தத் தண்ணியில இருந்தா செத்துடும். உள்ள இருக்கிற பெரிய தாம்பாளத்தை எடுத்துட்டு வாங்க. வடிகட்டின தண்ணி ஒரு குடம். ஸ்பூன்."

வார்டன் ஓடினார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று மாமா சத்தியம் பண்ணுகிறார்.

தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக மொண்டு, குஞ்சுகளைத் தாம்பாளத்துக்கு மாற்றினார்கள். அது முடிந்ததும் அக்கா மேல்மண்ணில் நார்த்தூள் இருக்கிற அளவுக்கு மட்டும் வழித்து எடுத்து இன்னொரு தட்டில் போட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். கலங்கல் தெளிய, கொஞ்சம் வடித்துவிட்டு மறுபடி புதுத் தண்ணீர். ரோஜாச் செடி வேரோடு ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. அதை யாரும் சட்டை செய்யவில்லை. மூவரும் தரையில் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

அக்கா கடையிலிருந்து கொண்டுவந்திருந்த உருப்பெருக்கியை வார்டனிடம் நீட்டினாள். "அந்த ஓரத்துல ஒரு முட்டை இருக்கு பாருங்க அண்ணி. அசையுது."

வார்டன் கண்ணில் வைத்துப் பார்த்தார். முட்டைக்குள் சுருண்டிருந்தது ஒருதரம் புரண்டது. மறுபடி புரண்டது. வாலும் தலையும் இடம் மாறின. ஓட்டில் ஒரு கீறல் விழுந்தது. அதிலிருந்து வால் முதலில் வந்து படபடவென்று அடித்தது. பிறகு நின்றுவிட்டது. வார்டன் தன்னையறியாமல், "வா, வா, இன்னும் கொஞ்சம்," என்று முணுமுணுத்தார். பிரசவ அறை வாசலில் நிற்கிறவர்கள் குரல் அது. ஒரே உதறல், ஓடு ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம். விழுந்த கணத்திலேயே அது நீந்தியது. தட்டின் விளிம்புவரை போய், முட்டிக்கொள்ளாமல் திரும்பியது.

"இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார் வார்டன். உருப்பெருக்கியை எடுக்கவில்லை. "பொறந்து ஒரு நிமிஷம் ஆகல. திரும்பணும்னு யாரு சொன்னது?"

மாமாவுக்குக்கூட ஜோக் வரவில்லை.

சொட்டுச் சொட்டாக இறால் குஞ்சுகளை விட்டார்கள். மீன் குஞ்சு ஒன்று ஒரு ஆரஞ்சுப் பொடியை உற்றுப் பார்த்து, உடம்பை வளைத்துக் குறிவைத்து, பாய்ந்து விழுங்கியது. அதன் வயிற்றில் ஆரஞ்சு நிறம் வெளியிலிருந்தே தெரிந்தது. உடம்பே கண்ணாடி! இதயம் துடிப்பது தெரிந்தது. ஒன்று, இன்னொன்று என்று வயிறுகளில் சின்ன விளக்கேற்றினாற்போல் வந்தது. மத்தியானச் சாப்பாடு அடுப்பிலேயே ஆறிப்போனது. அன்று யாருக்கும் பசிக்கவில்லை.

அந்த சாயங்காலம் எனக்கு வீடியோ அழைப்பு வந்தது. கோடு வந்து வந்து போயிற்று. திரையில் பழுப்பு நிறத் தண்ணீர் மட்டும்தான்; ஒரு மீனும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மூன்று பேர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. என்ஜின் அறைச் சத்தத்துக்கு நடுவே போனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாம் பிழைக்கவில்லை. சில குஞ்சுகளுக்கு மேலே எழும்பவே வரவில்லை; அடியில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு கிடந்து போய்விட்டன. உரத் தண்ணீரில் சிலது போயிற்று. ஒவ்வொன்று போகும்போதும் அக்காவைவிட வார்டன்தான் அதிகம் வருந்தினார். மிச்சமிருந்ததை இருவரும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் மாற்றுவது அக்கா. உப்புத் தண்ணீர் பாட்டிலில் இறால் முட்டைப் பொடியைப் போட்டுக் காற்று விட்டுப் பொரிக்கவைப்பது வார்டன். அதுவும் காய்ந்த பொடியிலிருந்து உயிர் வருகிற விஷயம்தான் என்று தெரிந்ததும் அவர் அன்று முழுக்க பாட்டிலின் பக்கத்தைவிட்டு நகரவில்லையாம். கூரை வேலை முடிந்து ஆள் வந்து சாவி கொடுத்துவிட்டுப் போனான். வார்டன் பெட்டியைக் கட்டவில்லை. அக்காவும் கேட்கவில்லை. ரோஜாவை வேறு மண்ணில் வைத்தார்கள். இலையெல்லாம் கொட்டி, ரோஷத்தோடு மறுபடி துளிர்த்தது.

தூள் இருந்த தட்டை என்ன செய்வது என்று கேட்டபோது, வடித்து உலர்த்தி, முன்போலவே பையில் கட்டி வையுங்கள் என்று சொல்லியிருந்தேன். இந்தத் தடவை வார்டனே கட்டினார். பைமேல் கொட்டை எழுத்தில் "தொடாதே" என்று எழுதியும் ஒட்டினார். அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடப்போவதில்லை.

நான் ஊர் திரும்பியபோது குஞ்சுகள் மீன்களாகியிருந்தன. பெட்டியை வாசலில் போட்டுவிட்டு நேராகத் தொட்டிக்குப் போனேன். ஆண்களுக்கு நீலம் ஏறத் தொடங்கியிருந்தது. அதில் ஒன்றின் விலாவில் முத்துகள் முளைத்திருந்தன. நான் கடையிலிருந்து கொண்டுவந்த ஆண் மீனின் அதே புள்ளிகள், அதே வரிசை. அந்த ஆண் மீனை இது பார்த்ததில்லை. யாரும் இதற்குக் காட்டவும் இல்லை. எத்தனை வருஷமாக மீன் பார்க்கிறவன் நான். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு சிறுபிள்ளைபோல் நின்றேன்.

"போன்ல எல்லாத்தையும் சொன்னே, இதை மட்டும் சொல்லல," என்றார் வார்டன் என் பின்னால் வந்து நின்று. "வந்ததும் வராததுமா ஒண்ணு கேக்கணும். அந்தத் தூளை எதுக்கு மறுபடி கட்டி வெக்கச் சொன்னே? அதான் பொரிஞ்சு முடிஞ்சுதே."

"முடிஞ்சிருக்காது. எல்லா முட்டையும் ஒண்ணா முழிச்சுக்காது."

"ஏன்?"

"முதல் மழை ஏமாத்திட்டா? குட்டை நிறைஞ்சு, ஒரே வாரத்துல வத்திட்டா, வந்த குஞ்செல்லாம் போச்சு. வம்சமே அதோட போயிடும். அதனால கொஞ்சம் முட்டை, தண்ணி வந்தாலும் எழுந்துக்காம தூங்கும். அடுத்த மழைக்கு. அதுலயும் கொஞ்சம், அதுக்கும் அடுத்த மழைக்கு."

வார்டன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரே தாய் வயித்து முட்டை," என்றார். "ஒரே பை. ஒரே தண்ணி. நீ முதல்ல போ, நான் அப்புறம் வரேன்னு அதுங்களுக்குள்ள யாரு முடிவு பண்றது?"

"தெரியலையே."

"படிச்சவங்களுக்குத் தெரியுமா?"

"கொஞ்சம் சொல்றாங்க. முழுசா யாருக்கும் தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் அவர் தன் வீட்டுக்குக் கிளம்பினார். இறங்கும்போது அக்கா அவர் கையில் அந்தப் பையைக் கொடுத்தாள். "நீங்க ஊத்துங்க அண்ணி. உங்க கை ராசியான கை." வார்டன் அதை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தார். மாமா வண்டியை எடுத்த வேகத்தைப் பார்த்தால் நடந்தே போய்விடலாம்.

முட்டைகளில் இன்னும் கண் தெரியவில்லை என்று அவரிடமிருந்து தினம் போன் வரும். அக்கா தன் உருப்பெருக்கியையே அவரிடம் கொடுத்துவிட்டிருந்தாள். பிறகு ஒரு முற்பகல். நாங்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அக்கா போனை எடுத்தாள். கேட்டாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னக்கா?"

"வான்னாங்க. அவ்வளவுதான்."

வார்டன் வீட்டில் புதுச் சுண்ணாம்பு வாசனை. பொருட்களை இன்னும் சரியாக அடுக்கவில்லை. பாத்திரங்கள் அட்டைப்பெட்டிகளிலேயே இருந்தன. அவரைத் தெரிந்த யாரும் இதை நம்பமாட்டார்கள். கூடத்தின் நடுவில், வெறும் தரையில், ஒரு வெள்ளைத் தாம்பாளம். பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வாயில் விரலை வைத்து எங்களுக்குச் சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினார்.

நானும் அக்காவும் மாமாவும் செருப்பைக் கழற்றிவிட்டு அடிமேல் அடி வைத்துப் போய் உட்கார்ந்தோம். ஜன்னல் வெளிச்சம் தண்ணீரில் விழுந்திருந்தது. அடியில் தூள் படிந்து கிடந்தது. முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. அப்புறம் ஒரு நிழல் நகர்ந்தது. நிழலுக்கு மேலே, அதைவிடச் சன்னமாக, மீன். பக்கத்தில் இன்னொன்று. முதல் மழையில் எழுந்துகொள்ளாதவை.

"இன்னும் அடியில இருக்கு," என்றார் வார்டன் மிக மெல்ல. "லென்ஸ் வெச்சுப் பாத்தேன். தெளிவா, கண்ணே வராம, சும்மாக் கிடக்குது. தூங்குது."

"இதையும் உலர்த்திடலாமா அண்ணி?"

"உலர்த்தணும்," என்றார். ஆனால் எழுந்துகொள்ளவில்லை. ஒரு குஞ்சு வெளிச்சத்துக்குள் வந்து நின்றது. மாமாவின் வலது கால் லேசாக அசைந்து, தரையைத் தொடாமல் நின்றது. நாங்கள் நான்கு பேரும் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே யாரோ தெருவில் வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.